பழைய பெயிண்ட்பால் மார்க்கர கம்மி காசுல தேத்துன கதை

பெங்களூர்ல கனகபுரா ரோட்ல ஊர தாண்டி உள்ள போனா, பெயிண்ட் பந்த ஒருத்தர் மேல ஒருத்தர் சுட்டு ஆடற பெயிண்ட்பால் கிரவுண்ட் ஒன்னு இருந்துச்சு, எங்க ஆபீஸ் டீம் அவுட்டிங்னா வருஷா வருஷம் அங்க தான், போன வருஷம் அத மூடறாங்கன்னு கேள்விப்பட்டு சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு போனேன். போன இடத்துல கோணிப்பைல அந்தப் பந்த சுடற மார்க்கர் பத்துப் பன்னெண்ட விறகு மாதிரி அடுக்கி வச்சிருந்தாங்க, பழைய இரும்புக் கடைக்குப் போகப் போகுதாம். எல்லாமே டிப்மேன் 98 கஸ்டம்ங்கற மாடல். வாடகைக்கு விடற கிரவுண்ட்ல இத நிறைய பாக்கலாம், கீழ போட்டாலும் சேத்துல விழுந்தாலும் தாங்கற சாமான். அத எடைக்குப் போடறாங்கன்னு கேட்டதும் எனக்கு மனசு கேக்கல. ரெண்டு எடுத்துக்கறேன், 3,000 ரூபாய் தரேன்னு சொன்னேன், அந்த அண்ணன் ஒரு நிமிஷம் என்னைய ஏற இறங்க பாத்துட்டு "தகோ குரு"ன்னு, எடுத்துக்கோப்பான்னு கன்னடத்துல சொல்லிட்டார்.

ஏன் ரெண்டுன்னா, ஒன்னு ஓட்டறதுக்கு, இன்னொன்னு பிரிச்சு பார்ட்ஸ் எடுக்கறதுக்கு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் தான் நான் ஆரம்பத்துலயே சரியா யோசிச்சிருக்கேன், மிச்ச எல்லாத்துலயும் ஒருதடவ முட்டிக்கிட்டு தான் கத்துக்கிட்டேன். பழைய மாடல் எது வாங்குனாலும் முடிஞ்சா அதே மாடல்ல இன்னொரு செத்த பீஸையும் சேத்து வாங்கிடுங்க. இங்க ஒரு சின்ன ஸ்ப்ரிங் தனியா வேணும்னா வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், ஸ்ப்ரிங் விலைய விட கூரியர் கூலி அதிகம்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எங்கம்மா "என்னடா இது, துப்பாக்கியெல்லாம் வீட்டுக்குள்ள"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. துப்பாக்கி இல்லம்மா, இதுக்குப் பேரு மார்க்கர்னு சொன்னா நம்பணுமே. உண்மையிலேயே இது பொறந்ததே அடையாளம் வைக்கத் தான். அமெரிக்கால எந்த மரத்த வெட்டணும், எந்த மாட்ட தனியா பிரிக்கணும்னு தூரத்துல நின்னே பெயிண்ட் அடிச்சு வைக்க நெல்சன்னு ஒரு பெயிண்ட் கம்பெனி விக்க ஆரம்பிச்சது, அதுல நெல்ஸ்பாட் 007ங்கற மாடல டெய்சி கம்பெனி செஞ்சு குடுத்துச்சு. 1981 ஜூன் 27ல நியூ ஹாம்ப்ஷயர்ல ஹென்னிக்கர்ங்கற ஊர் காட்டுல 12 பேரு அத தூக்கிக்கிட்டு கொடி புடிக்கற ஆட்டம் ஆடுனாங்க, அங்க இருந்து தான் இந்த விளையாட்டே. இவ்வளவும் சொல்லி முடிச்சதுக்கப்புறம் அம்மா "சரி, மாட்டுக்கு அடிக்கறத வச்சு மனுஷனுக்கு அடிக்கறீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

இது பாக்க நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும், அதனால பால்கனில வச்சு துடைக்கறது, பைக்ல தோள்ல மாட்டிக்கிட்டு போறதெல்லாம் வேண்டாம். நான் அல்சூர்ல இருக்கேன், கடைக்கெல்லாம் மெட்ரோல தான் போவேன், ஸ்டேஷன்ல பேக்க ஸ்கேனர்ல போடணும்ல, அதனால வேண்டிய போல்ட், வால்வு மட்டும் கழட்டி எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துட்டுப் போவேன். அதுக்கே ஒருநாள் மெஜஸ்டிக்ல தொறக்கச் சொல்லிட்டாங்க. தொறந்தா எண்ணெய் வழியற இரும்பு, செக் பண்ற அம்மா என்னையும் பாக்ஸையும் மாத்தி மாத்தி பாத்துட்டு "ஊட்டா எல்லி"ன்னு, சாப்பாடு எங்கன்னு கேட்டாங்க.

இப்ப பிரிக்கற கதைக்கு வருவோம். இந்த 98ஓட பாடி ரெண்டு பாதி, தேங்காய் உடைச்ச மாதிரி இடது வலதுன்னு பிரியும், சுத்தி இருக்கற ஸ்க்ரூவெல்லாம் கழட்டுனா மேல் பாதிய அப்படியே தூக்கிடலாம். தூக்குறப்ப அவசரப்பட்டா உள்ள இருக்கற ஸ்ப்ரிங்கெல்லாம் தீபாவளி தான். எனக்கு ட்ரிக்கர் கிட்ட இருக்கற பொடி ஸ்ப்ரிங் ஒன்னு பறந்து போயி ஃப்ரிட்ஜுக்கு அடில விழுந்துச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜ நகத்தி எடுத்தேன். அதுக்கப்புறம் அம்மா கிட்ட கெஞ்சி தாம்பூலம் வைக்கற பெரிய தாம்பாளம் ஒன்ன வாங்கி, அதுல ஒரு வெள்ளைத் துண்ட விரிச்சு, அதுக்குள்ள வச்சு தான் பிரிச்சேன். துண்டு இருந்தா விழறது உருண்டு ஓடாது. ஒவ்வொன்னையும் எடுக்கறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ. "ஞாபகம் இருக்கும்"னு நெனப்போம், ஒரு வாரம் கழிச்சு எந்த ஸ்ப்ரிங் எதுக்குன்னு தலைய சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்போம்.

ஸ்க்ரூ விஷயம் ரொம்ப முக்கியம். இது அமெரிக்க சாமான், எல்லாமே இஞ்ச் சைஸ். நம்ம வீட்ல இருக்கற ஆலன் கீ, அதான் ஸ்க்ரூ தலைல இருக்கற ஆறு மூலை ஓட்டைல விட்டு திருப்பற கீ, அந்த செட் மில்லிமீட்டர். 1/8 இஞ்ச்னா 3.175 மில்லி, அதுல 3 மில்லி கீய விட்டா உள்ள போகும், லேசா ஆடும், நாமளும் பரவால்லன்னு திருப்புவோம், இறுகிப் போன ஸ்க்ரூவா இருந்தா அந்த ஆறு மூலையும் வழிச்சுட்டுப் போயி வட்டமா ஆயிடும். நான் ஒன்ன அப்படித் தான் நாசம் பண்ணேன். அத எடுக்க கடைசில நட்சத்திர முனை இருக்கற ஒரு பெரிய டார்க்ஸ் பிட்ட சுத்தியால தட்டி உள்ள ஏத்தி திருப்ப வேண்டியதாப் போச்சு, ஸ்க்ரூ வந்துச்சு, ஆனா பாடில ஒரு கீறல் நிரந்தரமா நின்னுச்சு. மறுநாளே எஸ்.ஜே.பி ரோட்ல போயி இஞ்ச் செட் ஒன்னு 380 ரூபாய்க்கு வாங்குனேன். மொதல்ல வாங்க வேண்டியது அது.

உள்ள பாத்தா ஒரே பச்சையும் ஆரஞ்சுமா காஞ்சு போன பெயிண்ட், மண்ணு, ஒரு செத்த கரப்பான். பெயிண்ட்னு பேரு தானே ஒழிய அது நம்ம சுவத்துக்கு அடிக்கற பெயிண்ட் கிடையாது, மேல ஓடு ஜெலட்டின், உள்ள பாலிஎதிலீன் கிளைக்கால், தண்ணிலயே கரையும். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். வெதுவெதுன்னு தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், பழைய டூத் பிரஷ், அரை மணி நேரம் ஊற வச்சா தானா வந்துடும். ஆனா இரும்பு பார்ட்ஸ தண்ணில விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, கழுவுன உடனே துடைச்சு, ஹேர் ட்ரையர் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கணும், இல்லன்னா சாயங்காலமே செவப்பு ஏறிடும், மழைக்காலம்னா கேக்கவே வேணாம்.

உள்ள முன்னயும் பின்னயும் ஓடற ரெண்டு போல்ட்ல பின்னாடி இருக்கற பின் போல்ட் தான் துரு புடிச்சிருந்துச்சு. அத வினிகர்ல ஒரு ராத்திரி போடலாம்னு எங்கயோ படிச்சு போட்டேன், மறுநாள் ஆபீஸ்ல ஒரு ப்ராப்ளம், லேட்டாயிடுச்சு, அதுக்கு மறுநாளும் மறந்துட்டேன். எடுத்துப் பாத்தா துரு போச்சு, கூடவே அந்த வழவழப்பும் போச்சு, சாம்பல் கலர்ல சொரசொரன்னு ஆயிடுச்சு. நல்ல வேளை ரெண்டாவது மார்க்கர்ல இருந்த போல்ட் ஓரளவு பரவால்லயா இருந்துச்சு, அத 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல எண்ணெய் போட்டு லேசா தேச்சே சரி பண்ணிட்டேன், பத்து நிமிஷ வேலை. எங்கம்மா உதவி பண்றேன்னு குத்துவிளக்கு தேய்க்கற பீதாம்பரி பவுடர கொண்டு வந்து நின்னாங்க. அது பித்தளைக்கு சரி, ஆனா அந்தப் பொடி, கேஸ் கசியாம அடைக்கற ரப்பர் வளையம் இருக்கே, ஓ-ரிங், அதோட பள்ளத்துல போய் உக்காந்துச்சுன்னா உப்புத்தாள் மாதிரி அறுக்கும், வேணாம்மான்னு திருப்பி அனுப்பிட்டேன்.

அப்புறம் நான் பண்ண பெரிய முட்டாள்தனம், ஸ்ப்ரே பெயிண்ட். பந்த தள்ளறது சிலிண்டர்ல இருந்து வர கார்பன் டை ஆக்சைடு கேஸ் தான், அந்தக் கேஸ் கசியாம புடிக்குதா, சுடுதா, ஒன்னும் தெரியாது, அதுக்குள்ள எனக்கு மேட் பிளாக் அடிச்சு போட்டோ எடுக்கணும்னு ஆச. ரெண்டு கேன் 640 ரூபாய். மேல பாக்க சூப்பரா இருந்துச்சு. ஆனா ரெண்டு பாதியும் ஒட்டற விளிம்புலயும் பேரல் மாட்டற மரையிலயும் பெயிண்ட் படிஞ்சு, பேரல் பாதி வரைக்கும் தான் ஏறுச்சு, பாடி மூடுனா நடுவுல நூல் அளவு சந்து. எல்லாத்தையும் திரும்ப சுரண்டுனேன், ரெண்டு ஞாயித்துக்கிழம போச்சு. காசு கம்மியா இருக்கறவன் மொத ரூபாய கேஸ் நிக்கற இடத்துல தான் போடணும், அழகு எல்லாத்துக்கும் கடைசில. இதுல சுடற சமாச்சாரமே கேஸ் நிக்கறது தான், மிச்சமெல்லாம் சட்டை.

அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிட்டா பின்னாடி சொல்றது புரியும். காக் பண்ணி வச்சா பின் போல்ட் பின்னாடி போயி ஒரு கொக்கில மாட்டி நிக்கும், அந்தக் கொக்கிக்கு சியர்னு பேரு. ட்ரிக்கர இழுத்தா கொக்கி விடும், ஸ்ப்ரிங் தள்ளற வேகத்துல பின் போல்ட் முன்னாடி பாயும், ஒரு கம்பி வழியா அதோட இணைஞ்ச முன் போல்ட் பந்த பேரலுக்குள்ள தள்ளும், அதே நேரம் பின் போல்ட் போய் வால்வு மேல ஒரு குத்து குத்தும். வால்வு கண்ணிமைக்கற நேரம் தொறக்கும், கேஸ்ல ஒரு பங்கு முன்னாடி போயி பந்த அடிக்கும், இன்னொரு பங்கு பின்னாடி வந்து பின் போல்ட்ட உதைச்சு திரும்ப கொக்கில மாட்டிடும். அவ்வளவு தான், பேட்டரி கிடையாது, போர்டு கிடையாது. இத நம்ம ஊர் மெக்கானிக் யாரா இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுக்குவாங்க.

அதனால பின் போல்ட்ல இருக்கற ஓ-ரிங் தேஞ்சாலோ காஞ்சாலோ, பின்னாடி வர கேஸ் சந்துல தப்பிச்சுடும், ஒரு தடவ சுடும், திரும்ப காக் ஆகாது. என்னோடது அப்படித் தான் இருந்துச்சு. ஆன்லைன்ல ஒரு டப்பா ஓ-ரிங், இருநூறு பீஸோ என்னவோ, 450 ரூபாய்க்கு வாங்குனேன், எல்லாமே மில்லிமீட்டர் சைஸ், எல்லாமே ஒன்னு குண்டு இல்ல ஒல்லி. அமெரிக்க ஸ்டாண்டர்டு ஓ-ரிங்ல தடிமன் 1.78, 2.62, 3.53ன்னு போகும், நம்ம டப்பால 2, 2.5, 3ன்னு இருந்துச்சு. 1.78க்கும் 2க்கும் என்ன பெரிய வித்தியாசம், 0.22 மில்லி தானேன்னு நெனச்சு சிலிண்டர் மாட்டற எடத்துல 2 மில்லிய போட்டு முறுக்குனேன், கடிச்சு துப்பிடுச்சு, கழட்டிப் பாத்தா ரப்பர் கந்தல்.

அப்புறம் தான் டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு எஸ்.ஜே.பி ரோட் பக்கத்துல ஹைட்ராலிக் சீல் விக்கற ஒரு பொட்டிக் கடைக்குப் போனேன். "ஏனு பேக்கு சார்"ன்னு, என்ன வேணும்னு கன்னடத்துல ஆரம்பிச்சவர், நான் தமிழ்ல முனகுறத கேட்டுட்டு தமிழுக்கு மாறிட்டார், சொந்த ஊரு ஆம்பூர் பக்கமாம். பழைய ஓ-ரிங்க காட்டி இதே மாதிரி வேணும்னேன். அவர் அத விரல்ல உருட்டிட்டு குப்பைல போட்டுட்டார். "தம்பி, செத்தவன் சட்டைய வச்சு அளவெடுத்தா எப்படி, இது ஊறி உப்பி நசுங்கிப் போயிருக்கு, பள்ளத்த காட்டுங்க"ன்னு சொல்லிட்டு வெர்னியர எடுத்து பள்ளத்தோட ஆழம், அகலம், அது ஓடற குழாயோட உள் விட்டம் மூனையும் அளந்தார். அளந்துட்டு நாலு எடுத்துக் குடுத்தார், ஒன்ன அங்கயே மாட்டி குழாய்க்குள்ள விட்டுக் காட்டுனார், விரலால தள்ளுனா லேசா எதிர்த்துக்கிட்டு வழுக்கிப் போச்சு. அந்த லேசான எதிர்ப்பு தான் அளவு. ரொம்ப டைட்டா இருந்தா போல்ட் வேகம் செத்துடும், சும்மா விழுந்தா கேஸ் தப்பிக்கும்.

சிலிண்டர் வாய்ல வர ஓ-ரிங் மட்டும் வேற ஜாதி. அது 015 நம்பர், உள் விட்டம் 14 மில்லி, தடிமன் 1.78. அங்க சாதா கருப்பு நைட்ரைல் போட்டா கார்பன் டை ஆக்சைட ரப்பர் உறிஞ்சிக்கும், கழட்டற நேரத்துல திடீர்னு அழுத்தம் போனதும் ராத்திரி ஊற வச்ச கொண்டக்கடலை மாதிரி உப்பிக்கிட்டு வெளிய வந்துடும், அப்புறம் அந்தப் பள்ளத்துல உக்காராது. எனக்கு ரெண்டு தடவ ஆச்சு, கிரவுண்ட்ல ஆட்டம் நடக்கறப்ப. பாலியூரித்தேன், 90 கடினம்னு கேட்டு வாங்குங்க, லேசா மஞ்சளாவோ கண்ணாடி மாதிரியோ இருக்கும், ஒன்னு பத்துப் பதினஞ்சு ரூபாய் தான், பத்து வாங்கி பர்ஸ்ல போட்டு வச்சிருக்கேன். ஓ-ரிங்குக்கு மட்டும் எல்லாம் சேத்து எனக்கு ஆன செலவு 160 ரூபாய். அந்த 450 ரூபாய் டப்பா இன்னும் இருக்கு, பாத்ரூம் குழாய்க்கு உதவுது.

எண்ணெய் பத்தியும் சொல்லிடறேன். எல்லார் வீட்லயும் ஒரு டபிள்யூடி-40 கேன் இருக்கும், கை தானா அதுக்குப் போகும். துரு கழட்ட, இறுகுன ஸ்க்ரூக்கு அடிங்க, ஓட்டறதுக்கு அது எண்ணெயே இல்ல, காத்துல பறந்துட்டு பிசுபிசுன்னு ஒரு படலத்த விட்டுட்டுப் போகும், அதுல மண்ணு ஒட்டும். நியூமேட்டிக் டூல்ஸுக்கு ஊத்தற ஏர் டூல் ஆயில் ஒரு பாட்டில் 240 ரூபாய், எனக்கு ஆயுசுக்கும் போதும், கேஸ் உள்ள வர எடத்துல ரெண்டு மூனு சொட்டு விட்டுட்டு காலியா நாலு தடவ சுட்டா தானா எல்லா எடத்துக்கும் பரவிடும்.

எல்லாம் மாட்டி கேஸ் குடுத்தா புஸ்ஸ்னு ஒரு சத்தம். எங்கன்னு தெரியல. இங்க தான் நிறைய பேரு கண்ணுல பட்ட பார்ட்ட எல்லாம் மாத்த ஆரம்பிச்சு காச விடுவாங்க, நானும் விட்டிருப்பேன், ஆனா பைசா தீந்து போச்சு, அதனால யோசிக்க வேண்டியதாப் போச்சு. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்ட அரை டம்ளர் தண்ணில கலக்கி, பிரஷ்ல தொட்டு ஒவ்வொரு எடமா தடவுனேன், சைக்கிள் பஞ்சர் பாக்கற அதே டெக்னிக் தான். சிலிண்டர் வாய்ல நுரை வந்தா அந்த 015. பாடி ஒட்டற கோட்டுல, நடுவுல இருந்து நுரை வந்தா வால்வ சுத்தி இருக்கற ஓ-ரிங். ரெண்டுலயும் இல்ல. பந்து எதுவும் உள்ள இல்லன்னு ரெண்டு தடவ பாத்துட்டு, கண்ணுக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு, பேரல கழட்டிட்டு, அது மாட்டற ஓட்டைல ஒரு சோப்புப் படலத்த வச்சேன். பலூன் மாதிரி மெதுவா உப்புச்சு, டப்புன்னு ஒடஞ்சுது, திரும்ப உப்புச்சு. பேரல் வழியா கேஸ் போனா வால்வுக்குள்ள இருக்கற கப் சீல் தான் குத்தவாளி.

அந்த கப் சீல்ங்கறது கட்டைவிரல் நகம் அளவுல ஒரு பிளாஸ்டிக் வட்டம், அது பித்தளை விளிம்புல போய் உக்காந்து கேஸ நிறுத்தணும். ரெண்டு மார்க்கர்லயும் இருந்தத எடுத்து டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தேன், ஒன்னுல ஒரு மண் துகள் உள்ள பதிஞ்சு ஒரு கோடு, இன்னொன்னுல ஓரம் பூரா சில்லு சில்லா. காமாட்சிபாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு லேத் அண்ணன் இருக்கார், தர்மபுரிக்காரர், ஒத்த லேத் வச்சு தனியா ஓட்டறவர், அவர்கிட்ட கொண்டு போனேன். அவர் அத கைல வாங்குன உடனே "இது என்ன பம்ப் வால்வா"ன்னு கேட்டார், என்னன்னு சொன்னேன், சிரிச்சுட்டு ஓரமா கிடந்த டெல்ரின்ங்கற கெட்டி பிளாஸ்டிக் ராடு துண்டு ஒன்ன எடுத்து சக்ல மாட்டுனார்.

அவர் கடையிறத பக்கத்துல நின்னு பாத்தேன். வெள்ளையா சுருள் சுருளா, தேங்காய்த் துருவல் மாதிரி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசி முகத்த மட்டும் டூல புதுசா சாணை புடிச்சுட்டு வந்து ஒரே தடவைல, மூச்ச புடிச்சுக்கிட்டு எடுத்தார். "மத்ததெல்லாம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் போகட்டும், இந்த ஒரு முகம் தான் உங்க சாமான்"னார். விரல் வைக்க விடல, காயிதத்துல மடிச்சுக் குடுத்தார். 300 ரூபாய். அதுல 200 அந்தக் கடைசி முகத்துக்குன்னு நான் நெனச்சுக்கறேன்.

கேஸ் நின்னுடுச்சு. ஆனா கதை முடியல. ஒரு ஞாயித்துக்கிழம வேற ஒரு கிரவுண்ட்ல கொண்டு போய் டெஸ்ட் பண்றேன், நல்லா சுட்டுக்கிட்டே இருந்தது திடீர்னு ஒரு தடவ ட்ரிக்கர இழுத்ததுக்கு ஆறேழு பந்து படபடன்னு கொட்டுது, விரல எடுத்தாலும் நிக்கல. பக்கத்துல இருந்த பசங்க "மச்சி மெஷின் கன் டா"ன்னு குதிக்கறாங்க, எனக்கு வேர்த்துடுச்சு. சியர் தேஞ்சிருச்சுன்னு முடிவு பண்ணி, வீட்டுக்கு வந்து அரத்த எடுத்து அதோட முனைய கூர் பண்ணிட்டேன். லேத் அண்ணன் கிட்ட பெருமையா காட்டுனா தலைல அடிச்சுக்கிட்டார். அந்த முனை மேல் தோல் மட்டும் கடினமாக்கி வச்சிருப்பாங்க, அரத்த போட்டா அந்தத் தோல் போச்சு, உள்ள இருக்கற மெத்து இரும்பு ஒரு மாசத்துல வழிஞ்சுடும், அப்ப நிஜமாவே கொக்கி நிக்காது. நல்ல வேளை ரெண்டாவது மார்க்கரோட சியர் இருந்துச்சு. இதுல கொடுமை என்னன்னா, பிரச்சனை சியரே இல்ல, சிலிண்டர்ல கேஸ் தீரப் போற நேரம். அழுத்தம் கம்மியா இருந்தா பின் போல்ட் கொக்கி வரைக்கும் போகாம பாதிலயே திரும்பி வந்து வால்வ குத்தும், திரும்பப் போகும், திரும்பக் குத்தும். படபடன்னு கொட்டுனா மொதல்ல பேரல பத்திரமான பக்கம் புடிச்சுக்கிட்டு சிலிண்டர மாத்திப் பாருங்க, அரத்த தேடாதீங்க.

சிலிண்டர் பத்தி பேசறப்ப மட்டும் நான் கஞ்சத்தனத்த ஓரம் கட்டிடுவேன். மார்க்கரோட ஓசியா ரெண்டு பழைய சிலிண்டரும் குடுத்தாங்க, கழுத்துல அடிச்சிருந்த டெஸ்ட் தேதி பாத்தா எப்பவோ காலாவதி, ஒன்னுல அடில பள்ளம் வேற. நம்ம கார் டயர்ல காத்தழுத்தம் 30 சொச்சம் பிஎஸ்ஐ இருக்கும். இந்தக் குட்டி பாட்டில்ல 21 டிகிரி சூட்டுல கிட்டத்தட்ட 850 பிஎஸ்ஐ, 31 டிகிரிக்கு ஏறுனா ஆயிரத்த தாண்டும். ரெண்டையும் வால்வ தொறந்து முழுசா காலி பண்ணிட்டு, அதுக்கப்புறம் தான் இரும்புக் கடைல போட்டேன். ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் நிரப்பற கடைல கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாங்க, அவங்க சொன்னது நியாயம் தான், இத எடை போட்டு தான் நிரப்பணும், கொஞ்சம் அதிகமானாலும் வெயில்ல வச்சா சேஃப்டி டிஸ்க் பிச்சுக்கும். இப்ப விளையாடற கிரவுண்ட்லயே டெஸ்ட் தேதி இருக்கற சிலிண்டர வாடகைக்கு எடுத்துக்கறேன்.

இன்னொன்னு, இத தயவு செஞ்சு படிங்க. சிலிண்டர் பாட்டில் தனி, அதுல முறுக்கி வச்சிருக்கற பித்தளை வால்வு தனி. மார்க்கர்ல இருந்து சிலிண்டர கழட்டறப்ப சில நேரம் வால்வு மார்க்கரோடவே ஒட்டி நின்னுக்கிட்டு, பாட்டில் வால்வுல இருந்து கழண்டு வரும், நமக்கு மார்க்கர்ல இருந்து கழண்டு வர மாதிரியே தான் தோணும். கடைசி மரை விட்டதும் பாட்டில் ராக்கெட். அமெரிக்கால இதுல ஆள் செத்திருக்காங்க. அதனால நான் எந்த சிலிண்டர கைல எடுத்தாலும் அக்கா பொண்ணு கிட்ட ஆட்டைய போட்ட செவப்பு நெயில் பாலிஷால வால்வுல ஆரம்பிச்சு பாட்டில் வரைக்கும் ஒரே கோடா இழுத்துடுவேன். கழட்டறப்ப அந்தக் கோடு உடைஞ்சு ரெண்டு துண்டா விலகுதுன்னா அங்கயே நிறுத்திடணும், கிரவுண்ட் ஆள கூப்பிடணும். கிரவுண்ட் பையன் மொதல்ல சிரிச்சான், இப்ப அவனும் எல்லாத்துலயும் கோடு போட்டு வச்சிருக்கான், பச்சை கலர்ல.

வேகம் அளக்காம யார் மேலயும் சுடக் கூடாது. பந்து 0.68 இஞ்ச், கிட்டத்தட்ட 17 மில்லி, எடை 3 கிராம் சொச்சம், பொதுவா மேல் வரம்பு செகண்டுக்கு 300 அடி, நான் போற எடத்துல 280. காலைல எட்டரை மணிக்கு வேகம் அளக்கற மெஷின்ல, குரோனோன்னு சொல்வாங்க, 270 காட்டுச்சு, நானும் சந்தோஷமா விட்டுட்டேன், மத்தியானம் வெயில் ஏறுனதுக்கு அப்புறம் அதே ஸ்க்ரூ அதே பந்து, 300க்கு மேல போகுது. கார்பன் டை ஆக்சைடு அப்படித் தான், சூட்டுக்கு ஏத்த மாதிரி அழுத்தம் மாறும், அதனால சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவ அளந்து ஸ்க்ரூவ வச்சு கொறைக்கணும். வரிசையா வேகமா சுட்டா சிலிண்டர் பனி புடிச்சு இதுக்கு நேர் எதிரா வேகம் விழும். சிலிண்டர் வாய் கீழ வர மாதிரி மார்க்கர ரொம்ப சாய்ச்சா திரவமாவே உள்ள வந்து ஓ-ரிங்கெல்லாம் விறைச்சுப் போகும், அதுவும் ஒருநாள் ஆச்சு, வெள்ளைப் புகையா கக்குச்சு.

கணக்கு கேட்டீங்கன்னா, மார்க்கர் ரெண்டு 3,000, ஆலன் கீ 380, ஓ-ரிங் 160, கப் சீல் 300, ஆயில் 240, ஆக 4,080. இது தான் நிஜ செலவு. டப்பாவும் ஸ்ப்ரேயும் 1,090 தண்டம். மாஸ்க் மட்டும் பழசு வாங்கல, புதுசு 1,900 குடுத்து பெயிண்ட்பால் மாஸ்க்குக்கான பாதுகாப்புத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப்1776னு அதுலயே எழுதியிருக்கறதா பாத்து வாங்குனேன். கோணிப்பைல பழைய மாஸ்க்கும் இருந்துச்சு, ஓசில தரேன்னாங்க, பாக்க நல்லா தான் இருந்துச்சு, ஆனா வெயில்ல காஞ்சு தின்னர் போட்டு துடைச்ச பாலிகார்பனேட் லென்ஸுல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், கண்ணு ரெண்டாவது பீஸ்ல இருந்து எடுத்து மாட்டற பார்ட் கிடையாது.

போன மாசம் லேத் அண்ணன கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போனேன், அவரோட பையன் எட்டாவது படிக்கறான், அவனுக்காகத் தான் வந்தார். பையன் மாஸ்க்க மாட்டிக்கிட்டு டிரம்ம பாத்து சுட்டுக்கிட்டே இருந்தான், அண்ணனுக்கு அதுல ஒன்னும் இன்ட்ரஸ்ட் இல்ல. அவன் முடிச்சதும் கேஸோடவே மார்க்கர வாங்கி நேரா பேரல காது கிட்ட கொண்டு போறார், நான் பதறிப் போய் புடிங்கிட்டேன். "இல்ல தம்பி, என் கப் புடிக்குதான்னு கேக்கறேன்"னார். பந்தெல்லாம் கொட்டிட்டு, பேரல கழட்டி, அவருக்கும் ஒரு மாஸ்க்க மாட்டி விட்டு, சோப்புத் தண்ணிய எடுத்துக் குடுத்தேன். அவரே விரலால படலத்த இழுத்து வச்சுட்டு, குந்த வச்சு உக்காந்து, ரெண்டு நிமிஷம் அசையாம பாத்துக்கிட்டே இருந்தார். படலம் உப்பல, காத்துல காஞ்சு தானா ஒடஞ்சுது. எந்திரிச்சு கைய பேன்ட்ல துடைச்சுக்கிட்டு, அந்த இன்னொரு மார்க்கர் பரண்ல சும்மா தானே கிடக்கு, அதுக்கும் ஒன்னு கடைஞ்சுடலாமான்னு கேட்டார்.